நாடாளுமன்றக் குழுவின் தலைவரால் என்ன செய்ய முடியும்?

நாடாளுமன்றக் குழுக்களின் தலைவர் பதவிக்கு உண்மையிலேயே அதிகாரம் இருக்கிறதா, அல்லது அமைச்சராக முடியாத மூத்த உறுப்பினர்களுக்கு மனம் ஆறட்டும் என்று தரப்படும் கௌரவப் பதவிதானா என்பது கேள்வி. அதிகாரம் இருக்கிறது என்பதே என் பதில். எந்த விஷயத்தை ஆய்வுக்கு எடுப்பது, யாரை அழைப்பது, எந்த வரைவை உறுப்பினர்களின் முன் வைப்பது, கூட்டத்தை எப்போது ஒத்திவைப்பது ஆகிய நான்கும் பெருமளவுக்குத் தலைவரின் கையில் இருக்கின்றன. இவற்றைக் கொண்டு ஒரு தலைவர் ஆட்சியில் இருப்பவர்களைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்தவும் முடியும், சர்ச்சைக்குரிய ஒரு மசோதாவை விரைவாகக் கரைசேர்க்கவும் முடியும். ஆயினும் குழுவின் பெரும்பான்மை உறுப்பினர்களும், தலைவரை அந்த இடத்தில் அமர்த்திய சபாநாயகரும் எதுவரை பொறுத்துக்கொள்கிறார்களோ அதுவரைதான் அந்த அதிகாரம் செல்லும். நம் நாட்டு அனுபவத்தில் இந்த எல்லை எங்கே வந்து இடிக்கிறது என்பதைப் பார்த்தால்தான் பதவியின் உண்மையான அளவு விளங்கும்.

மக்களவை விதிகளின்படி ஒரு குழுவின் தலைவரை அதன் உறுப்பினர்களுள் ஒருவராகப் பார்த்துச் சபாநாயகர் நியமிக்கிறார், உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. துறைசார் நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. அவற்றுள் 16 குழுக்களின் தலைவர்களைச் சபாநாயகரும், எட்டுக் குழுக்களின் தலைவர்களை மாநிலங்களவைத் தலைவரும் நியமிக்கிறார்கள். கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பேச்சுவார்த்தை நடத்தி இந்தப் பதவிகள் பங்கிடப்படுவது வழக்கம். குழுவின் ஆயுள் பொதுவாக ஓராண்டு. கூட்டம் நடப்பதற்கு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வர வேண்டும். வாக்குகள் சமமாகப் பிரிந்தால் தலைவருக்குக் கூடுதலாக ஒரு வாக்கு உண்டு. ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கும் உரிமை குழுவுக்கு இருக்கிறது; ஆனால் ஒருவரின் சாட்சியமோ ஓர் ஆவணமோ விசாரணைக்குத் தேவைதானா என்ற கேள்வி எழுந்தால் சபாநாயகரின் முடிவே இறுதியானது. நாட்டின் பாதுகாப்பையோ நலனையோ காரணம் காட்டி ஆவணத்தைத் தர அரசு மறுக்கவும் வழி இருக்கிறது. ஆக, விதிப்புத்தகத்தை மட்டும் படிப்பவருக்கு இந்தப் பதவி மிகச் சாதாரணமாகவே தோன்றும்.

எல்லாக் குழுக்களிலும் பெருமை மிக்கது பொதுக் கணக்குக் குழு. 1921இல் ஆங்கிலேயர் ஆட்சியில் உருவான இந்தக் குழுவுக்கு, அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வரும் வரையில் அரசின் நிதிப் பொறுப்பாளரே தலைவராக இருந்தார். அதாவது, செலவு செய்தவரே அந்தச் செலவைக் கேள்வி கேட்கும் குழுவுக்கும் தலைமை தாங்கினார். 1950க்குப் பிறகு குழு சபாநாயகரின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அதன் பின்னரும் பல ஆண்டுகள் ஆளும் கட்சியினரே தலைவர்களாக இருந்தார்கள். 1967இல் சுதந்திராக் கட்சியின் மினு மசானி தலைவரானதிலிருந்துதான் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவருக்கு இந்தப் பதவி என்ற மரபு வேரூன்றியது. அவருக்குப் பின் அடல் பிகாரி வாஜ்பாயும், அவரைத் தொடர்ந்து 1971 முதல் 1973 வரை திமுகவின் இரா. செழியனும் அந்த நாற்காலியில் அமர்ந்தார்கள். இது எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத வழக்கம். மக்களவையிலிருந்து 15 பேரும் மாநிலங்களவையிலிருந்து 7 பேரும் கட்சிகளின் பலத்துக்கேற்பத் தேர்ந்தெடுக்கப்படுவதால், எதிர்க்கட்சியைச் சேர்ந்த குழுத் தலைவர் ஆளும் தரப்பின் பெரும்பான்மைக்கு நடுவே அமர்ந்து அரசின் கணக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பின்னால் வரும் மோதல்களில் பெரும்பாலானவை இந்த அமைப்பிலிருந்து முளைத்தவைதான்.

குழுவின் கூட்டம் மூடிய அறையில் நடக்கிறது. வந்திருக்கும் துறைச் செயலாளரை வரவேற்றபின், அவர் சொல்வது பிறகு அச்சாகக் கூடும் என்பதையும், எதையாவது ரகசியமாக வைக்கச் சொல்லிக் கேட்டாலும் நாடாளுமன்ற உறுப்பினர்களின் பார்வைக்கு அது போகலாம் என்பதையும் தலைவர் நினைவூட்டுகிறார். கேள்விப் பட்டியலைக் குழுவின் செயலகம் முன்கூட்டியே தயாரித்திருக்கும். அதைப் பார்த்து ஒப்புதல் தந்தவரும் தலைவர்தான். செயலாளர் மழுப்பினால் விடாமல் துருவுவதா, எழுத்துமூலம் பதில் அனுப்பச் சொல்லி விட்டுவிடுவதா என்பது அந்த நொடியில் தலைவர் எடுக்கும் முடிவு. பின்னர் செயலகம் எழுதும் வரைவு அறிக்கையும் தலைவரின் ஒப்புதலைப் பெற்றே உறுப்பினர்களுக்குப் போகிறது. வரைவை ஏற்றுக்கொண்ட கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் பார்த்தால், அறிக்கையை இறுதி செய்து அவையில் வைக்கத் தலைவருக்குக் குழு அதிகாரம் அளித்தது என்ற வரி ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். சாதாரணச் சடங்குபோல் தோன்றும் இந்த வரிக்குள் கணிசமான செல்வாக்கு அடங்கியிருக்கிறது. ஒரு துறையின் தவறு 'குறைபாடு' என்று அறிக்கையில் இடம்பெறுமா 'கடுமையான அலட்சியம்' என்று இடம்பெறுமா என்பது பெரும்பாலும் வரைவு நிலையிலேயே முடிவாகிவிடுகிறது; எதிர்ப்பு எழும் அரிதான சமயங்களில்தான் உறுப்பினர்கள் அதை மாற்ற முனைகிறார்கள்.

இந்த அதிகாரம் எதுவரை செல்லும் என்பதை 2ஜி அலைக்கற்றை விவகாரம் காட்டியதைப்போல் வேறு எதுவும் காட்டியதில்லை. 2010 நவம்பரில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வெளிவந்தது, அரசுக்கு 1.76 லட்சம் கோடி ரூபாய் வரை உத்தேச இழப்பு என்ற கணக்கு நாட்டையே உலுக்கியது. தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த ஆ. இராசா பதவி விலகினார். அப்போது பொதுக் கணக்குக் குழுவின் தலைவர் பாஜகவின் முரளி மனோகர் ஜோஷி. கூட்டுக் குழு அமைத்தால்தான் ஆயிற்று என்று அவருடைய கட்சியே நாடாளுமன்றத்தை முடக்கிக்கொண்டிருந்தபோதும், அவர் தம்முடைய குழுவின் விசாரணையைக் கைவிடவில்லை. 2011 ஏப்ரலில் ரத்தன் டாட்டா, அனில் அம்பானி, மக்கள் தொடர்பு நிறுவனம் நடத்திய நீரா ராடியா ஆகியோர் அவருடைய குழுவின் முன் வந்து அமர்ந்து பதில் சொன்னார்கள். துறைச் செயலாளர்களையே பார்த்துப் பழகிய ஓர் அறைக்கு நாட்டின் பெரும் தொழிலதிபர்களை வரவழைத்தது, தலைவர் பதவியில் இருப்பவர் துணிந்தால் எதுவரை போகலாம் என்பதற்குச் சரியான சான்று.

அந்த மாதத்தின் இறுதியிலேயே எல்லையும் தெரிந்துவிட்டது. குழுவின் ஆயுள் ஏப்ரல் 30ஆம் நாளோடு முடிய இருந்தது. பிரதமர் அலுவலகத்தையும் ஒதுக்கீட்டின்போது நிதியமைச்சராக இருந்தவரையும் குறைகூறிய வரைவு அறிக்கை, கூட்டத்துக்கு முன்பே பத்திரிகைகளில் கசிந்திருந்தது. 28ஆம் நாள் கூட்டத்தில் காங்கிரஸ், திமுக உறுப்பினர்களோடு சமாஜ்வாதி, பகுஜன் சமாஜ் கட்சிகளின் உறுப்பினர்களும் சேர்ந்துகொள்ள, 21 பேரில் 11 பேர் வரைவை எதிர்த்தார்கள். வாக்கெடுப்பு கேட்டுக் கூச்சல் எழுந்தது. ஜோஷி கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு வெளியேறினார். அறையிலேயே இருந்த அந்தப் பதினொரு பேரும், தலைவர் இல்லாத கூட்டத்துக்கு உறுப்பினர்களே ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, காங்கிரஸின் சைபுதீன் சோசை அந்த நாற்காலியில் அமர்த்தி வரைவை நிராகரித்துவிட்டதாக அறிவித்தார்கள். ஒத்திவைக்கப்பட்டபின் கூட்டமே இல்லை என்பது ஜோஷியின் வாதம். இரண்டு நாள் கழித்து அவர் அறிக்கையைச் சபாநாயகர் மீரா குமாரிடம் கொடுத்தார். ஜூன் மாதத்தில் அது திரும்பி வந்தது.

அந்த நிகழ்வைப் பற்றி என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். விசாரணையை நடத்திச் சென்ற விதத்தில் ஜோஷி பதவியின் முழு வலிமையையும் காட்டினார். ஆனால் பெரும்பான்மை தமக்கு எதிராக இருக்கிறது என்று தெரிந்தபின் வாக்கெடுப்பைத் தவிர்த்து வெளியேறியது, குழுவின் அறிக்கை என்ற தகுதியையே அந்த வரைவுக்கு இல்லாமல் செய்துவிட்டது. வாக்கெடுப்பில் தோற்றிருந்தால் யார் யார் எதிர்த்தார்கள், எந்தப் பத்தியை எதிர்த்தார்கள் என்பதாவது நடவடிக்கைக் குறிப்பில் நிலைத்திருக்கும். மறுபக்கம், ஒவ்வொரு பத்தியாக எடுத்துத் திருத்தம் கோராமல் அறிக்கையை மொத்தமாகத் தூக்கி எறியப் பார்த்த பதினொரு பேரும், கட்சி வேறுபாட்டைக் குழு அறையின் வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்ற நீண்டநாள் வழக்கத்துக்குத்தான் காயம் ஏற்படுத்தினார்கள். 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் அந்த வழக்கில் எல்லோரையும் விடுதலை செய்தது. ஆனால் ஒதுக்கீட்டில் நிர்வாகம் நடந்துகொண்ட முறையைப் பற்றிக் குழுவின் பெயரில் ஏற்கப்பட்ட ஓர் அறிக்கையை அந்த விசாரணை விட்டுச்செல்லவில்லை. எனக்கு இன்றும் வருத்தம் தருவது இதுதான்.

ஒத்திவைப்பு தலைவரின் ஆயுதம் என்றால், கோரம், அதாவது கூட்டம் நடக்க வேண்டிய குறைந்தபட்ச வருகை, உறுப்பினர்களின் ஆயுதம். 2021 ஜூலை 28இல் பெகாசஸ் உளவு மென்பொருள் விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், சசி தரூர் தலைமையிலான தகவல் தொழில்நுட்ப நிலைக்குழு கூடியது. பாஜக உறுப்பினர்கள் அறைக்கு வந்தார்கள், அமர்ந்தார்கள், ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட மறுத்தார்கள். கையெழுத்து இல்லாததால் கணக்குப்படி கோரம் இல்லை, கூட்டமும் இல்லை. அழைக்கப்பட்டிருந்த அமைச்சகங்களின் அதிகாரிகளும் வேறு பணிகளைக் காரணம் காட்டி வரவில்லை. முந்தைய ஆண்டு இதே தரூர், ஃபேஸ்புக் நிறுவனத்தை அழைக்கப் போவதாக அறிவித்தபோது, உறுப்பினர்களைக் கலந்து பேசாமல் தலைவர் அப்படிச் சொல்ல உரிமை இல்லை என்று பாஜக உறுப்பினர் நிஷிகாந்த் துபே சபாநாயகருக்குக் கடிதம் எழுதினார். ஆனாலும் அந்த நிறுவனத்தின் இந்தியத் தலைமை அதிகாரி குழுவின் முன் வந்தார். 2022இல் குழுக்கள் மாற்றியமைக்கப்பட்டபோது அந்தக் குழுவின் தலைமை காங்கிரஸிடமிருந்து பறிபோய், ஷிண்டே அணிச் சிவசேனாவின் பிரதாப்ராவ் ஜாதவுக்குச் சென்றது. ஓராண்டு மட்டுமே ஆயுள் உள்ள பதவியில், அடுத்த ஆண்டும் இருப்போமா என்ற எண்ணம் எந்தத் தலைவரின் மனத்திலும் இருக்கத்தான் செய்யும்.

பொதுக் கணக்குக் குழுவுக்கு 2024இல் காங்கிரஸின் கே.சி. வேணுகோபால் தலைவரானார். சட்டத்தால் உருவான ஒழுங்குமுறை அமைப்புகளின் செயல்பாட்டை ஆராய்வது என்று அதே ஆண்டு அவருடைய குழு தானாகவே ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டது. பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் தலைவர் மாதபி புரி புச் மீது அப்போது புகார்கள் எழுந்திருந்தன. அக்டோபர் 24இல் அவர் வர வேண்டிய நாளின் காலையில், தில்லிக்கு வர இயலவில்லை என்று தகவல் அனுப்பினார். வேணுகோபால் கூட்டத்தை ஒத்திவைத்தார். தன்னிச்சையாக முடிவெடுத்தார் என்று ஆளும் தரப்பினர் சபாநாயகரிடம் முறையிட்டார்கள். யார் சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். எந்தத் தீர்ப்பும் சொல்லாமல், எந்த அறிக்கையும் எழுதாமல், ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்து ஒருவரை அழைத்ததாலேயே அந்த நிறுவனம் நாடு முழுவதும் பேசுபொருளானது. தலைவரின் செல்வாக்கு பெரும்பாலும் வேலை செய்யும் விதம் இது.

அமைச்சர்களை மட்டும் இந்த வளையத்துக்குள் கொண்டுவர முடியாது. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு போன்ற நிதிக் குழுக்களின் முன் அமைச்சர்களை அழைப்பதில்லை என்பது நிலைத்த நடைமுறை. பணமதிப்பிழப்பைப் பற்றி ரிசர்வ் வங்கியும் நிதியமைச்சகமும் தரும் பதில் திருப்தியாக இல்லையென்றால் பிரதமரையே அழைக்கலாம் என்று அன்றைய பொதுக் கணக்குக் குழுத் தலைவர் கே.வி. தாமஸ் 2017 ஜனவரியில் சொன்னார். சில நாள்களுக்குள் குழுவே கூடி அப்படி அழைக்க இடமில்லை என்று முடிவுசெய்தது. 2ஜி விவகாரத்தின்போது மன்மோகன் சிங் தாமே குழுவின் முன் வருவதாகக் கடிதம் எழுதியும் அது நிகழவில்லை.

ஆளும் கட்சியைச் சேர்ந்த தலைவர்களால் ஒன்றும் ஆகாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2014க்குப் பிறகு மதிப்பீட்டுக் குழுவின் தலைவராக இருந்தவரும் அதே ஜோஷிதான். இம்முறை அவர் ஆளும் கட்சி உறுப்பினர். 2018இல் வங்கிகளின் வாராக்கடன் குறித்து விசாரித்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சிக்கலை அடையாளம் கண்டதற்காக ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜனை, அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த அரவிந்த் சுப்பிரமணியன் குழுவின் முன் பாராட்டினார். ஜோஷி உடனே ராஜனிடம் ஒரு விளக்கக் குறிப்பைக் கேட்டு வாங்கினார். பெரும் மோசடி வழக்குகளின் பட்டியல் ஒன்றைப் பிரதமர் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்ததாக அந்தக் குறிப்பில் ராஜன் எழுதியிருந்தது பெரிய செய்தியானது. கட்சிக்குள் இனி எதையும் எதிர்பார்க்காத ஒரு மூத்தவர் கையில் கிடைத்தால், இந்தப் பதவி சொந்தக் கட்சியின் அரசையும் கேள்வி கேட்கும்.

மசோதாக்களை ஆராயும் கூட்டுக் குழுக்களில் தலைவரின் செல்வாக்கு வேறு வடிவம் கொள்கிறது. அங்கே வேகத்தைத் தீர்மானிப்பவர் அவர். 2024 ஆகஸ்டில் வக்பு திருத்த மசோதாவுக்காக ஜெகதாம்பிகா பால் தலைமையில் 31 பேர் கொண்ட குழு அமைந்தது. கூட்டங்களின் தேதிகள், அழைக்கப்பட்ட அமைப்புகள், திருத்தங்களைப் படிக்கத் தரப்பட்ட அவகாசம் ஆகிய ஒவ்வொன்றும் சண்டையானது. 2025 ஜனவரி 24இல் ஆ. இராசா உட்பட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பத்துப் பேர் ஒரு நாள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அடுத்த சில நாள்களில் 15க்கு 11 என்ற கணக்கில் அறிக்கை ஏற்கப்பட்டது. தங்கள் மாறுபட்ட கருத்துக் குறிப்புகளின் பகுதிகள் நீக்கப்பட்டதாக எதிர்க்கட்சியினர் குற்றம்சாட்டினார்கள். தகாதவை என்று தாம் கருதும் சொற்களை அத்தகைய குறிப்பிலிருந்து நீக்கும் அதிகாரம் தலைவருக்கு விதிகளிலேயே இருக்கிறது. ஏப்ரலில் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. இதுவாவது குழுவுக்கு வந்தது. பதினைந்தாவது மக்களவையில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்கு அனுப்பப்பட்டன. பதினேழாவதில் அது 16 விழுக்காடாகச் சரிந்தது. மசோதாவே வராத குழுவுக்கு எவ்வளவு திறமையான தலைவர் இருந்தும் பயனில்லை.

மாநிலங்களில் நிலை இன்னும் தளர்வானது. மேற்கு வங்கத்தில் 2021இல் பாஜக சார்பில் வென்று திரிணமூலுக்குத் திரும்பிய முகுல் ராய், கணக்கில் எதிர்க்கட்சி உறுப்பினர் என்று காட்டப்பட்டுப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக்கப்பட்டார். மறு ஆண்டு விலகினார். தமிழ்நாட்டில் அதே ஆண்டு இந்தப் பொறுப்பு பிரதான எதிர்க்கட்சியான அதிமுகவுக்குப் போகாமல், ஆளும் கூட்டணியில் இருந்த காங்கிரஸின் கு. செல்வப்பெருந்தகைக்குச் சென்றது. இரண்டு இடங்களிலும் விதி எதுவும் மீறப்படவில்லை என்று வாதிடலாம். மரபின் உயிர் போய்விட்டது என்பதை மறுக்க முடியாது. எழுதப்படாத வழக்கத்தின் மேல் நிற்கும் பதவி, ஆட்சியாளரின் நல்லெண்ணத்தின் மேல் நிற்கிறது.

அமெரிக்காவின் பழைய அனுபவம் நேர் எதிரானது. அங்கே நீண்ட காலம் குழுவில் பணிமூப்பு உள்ளவரே தானாகத் தலைவராவார். அவரை யாரும் அசைக்க முடியாது. எந்த மசோதா அவைக்கு வரலாம் என்று முடிவுசெய்யும் கீழவையின் விதிகள் குழுவுக்கு 1955 முதல் தலைவராக இருந்த வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித், கறுப்பின மக்களின் உரிமைகளுக்கான மசோதாக்களைக் கூட்டமே கூட்டாமல் கிடப்பில் போட்டவர். கூட்டத்தைத் தவிர்க்க, எரிந்துபோன தொழுவத்தைப் பார்க்கப் பண்ணைக்குப் போய்விட்டார் என்று அவரைப் பற்றி ஒரு கதையே உண்டு. 1961இல் 217க்கு 212 என்ற நூலிழை வித்தியாசத்தில் அந்தக் குழுவின் உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டித்தான் அவருடைய பிடியைத் தளர்த்த முடிந்தது. அந்த அளவு அதிகாரம் நமக்கு வேண்டாம். பின்பற்றத் தக்கது பிரிட்டனின் வழி. 2010 முதல் அங்கே பெரும்பாலான ஆய்வுக் குழுக்களின் தலைவர்களை அவை முழுவதும் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது. எந்தக் குழு எந்தக் கட்சிக்கு என்பது முன்பே முடிவாகிவிடுவதால், கட்சித் தலைமையின் தயவு இல்லாதவரும் மற்றக் கட்சியினரின் வாக்கைப் பெற்று வரலாம். அப்படிப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக வந்த மார்கரெட் ஹாட்ஜ் 2012 நவம்பரில் கூகுள், அமேசான், ஸ்டார்பக்ஸ் நிறுவனங்களின் அதிகாரிகளை அமர்த்தி வரித் தவிர்ப்பைப் பற்றி எல்லோரும் பார்க்கும்படி கேட்ட கேள்விகள், அந்நாட்டின் வரி விவாதத்தையே மாற்றின.

இங்கே செய்ய வேண்டியவை என்று நான் கருதுபவை மூன்று. குழுக்களின் ஆயுளை ஓராண்டிலிருந்து குறைந்தது இரண்டரை ஆண்டாக்க வேண்டும். பொதுக் கணக்குக் குழுத் தலைமை பிரதான எதிர்க்கட்சிக்கு உரியது என்பதை மாநிலங்களிலும் விதியாகவே எழுதிவிட வேண்டும். அறையில் இருந்துகொண்டே கையெழுத்திட மறுப்பவரையும் வந்தவராகவே கணக்கிட வேண்டும். முதலாவதுதான் மிக அவசரமானது. பரிந்துரைகளின் மேல் என்ன செய்தது என்பதை அரசு பொதுவாக ஆறு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்தப் பதில் வந்து சேர்வதற்குள் கேள்வி கேட்ட தலைவர் மாறியிருந்தால், புதியவர் பழைய கோப்பைத் தூசி தட்டி எடுப்பது அவருடைய ஆர்வத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

ஒரு குறிப்பிட்ட தலைவர் எப்படிச் செயல்படுகிறார் என்று அறிய விரும்பினால், தொலைக்காட்சி விவாதங்களை விட்டுவிட்டு அவருடைய குழுவின் அறிக்கையை மக்களவையின் இணையதளத்திலிருந்து எடுத்துக் கடைசிப் பக்கங்களுக்குச் செல்லுங்கள். எத்தனை முறை கூட்டம் நடந்தது, யார் வந்தார்கள், எந்தத் துறையின் செயலாளர் தாமே வந்தார், யார் கீழ்நிலை அதிகாரியை அனுப்பிவிட்டு ஒதுங்கினார் என்பவை நடவடிக்கைக் குறிப்புகளில் பெயரோடு இருக்கும். பிறகு பரிந்துரைகளின் மேல் அரசு எடுத்த நடவடிக்கையைப் பற்றி அதே தலைப்பில் குழு தந்த அறிக்கையை எடுத்து, அரசின் பதிலைக் குழு ஏற்காமல் மீண்டும் வலியுறுத்திய பரிந்துரைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.